ஊமைக் குப்பி

"படிக்கிற பிள்ளைக்கு எவனாவது சம்பளம் கொடுப்பானா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். கொடுத்தார்கள். கோடை விடுமுறை முழுக்க ஆராய்ச்சிக்கூடத்துக்கு வா, வேலை கற்றுக்கொள், கற்றுக்கொள்வதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள் என்று ஒரு திட்டம். அறிவியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். எங்கள் வகுப்பே விண்ணப்பித்தது. தேறியது நான் ஒருத்தி. தகவல் வந்த அன்று அம்மா லாண்டரியில் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னாளாம். வாயெல்லாம் பல். "என் மகளுக்குப் படிக்கிறதுக்கே காசு தராங்க. இனிமே கோடையில இவ போர்வை மடிக்க வர மாட்டா."

அந்த லாண்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைத் துவைத்து, காய வைத்து, மடித்து, கட்டுகளாகக் கட்டித் திருப்பி அனுப்பும் இடம். அம்மாவுக்கு அங்கே மடிப்பு மேஜையில் வேலை. அப்பா அதே லாண்டரிக்கு வேன் ஓட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து ஒவ்வொரு கோடையும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று நானும் மடித்திருக்கிறேன். ஒரு கட்டுக்குள் ஒரு விரிப்பு குறைந்தால் போதும், ஓட்டல்காரன் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். அதனால் யார் எண்ணிக் கட்டிய கட்டையும் சூப்பர்வைசர் அக்கா அவிழ்த்து இன்னொரு தடவை எண்ணிய பிறகுதான் வேனில் ஏற்றுவாள். என் கட்டை மட்டும் எண்ண மாட்டாள். "என் மக எண்ணினா எண்ணினதுதான்" என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஒரு தடவைகூட அது பொய்யானதில்லை. எங்கள் வீட்டில் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் கிடையாது. இது இருந்தது.

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். ஆள் என்னவோ சின்ன உருவம்தான். குரலை உயர்த்தியே பேச மாட்டார். அவர் பேசும்போது மற்றவர்கள் மூச்சுவிடும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அவருக்குக் கீழே மூன்று வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தவருக்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர். புது மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரமெல்லாம் அவருக்கு நடக்கும். ஜன்னலோர மேஜை அவருக்கு, நல்ல நாற்காலி அவருக்கு, யார் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் அவர் வந்தால் எழுந்துவிட வேண்டும். கோடைக்கு வந்த நாங்கள் இரண்டு பேரும் அவரை அண்ணா என்று கூப்பிட்டோம். இன்னொருவன் வேறு கல்லூரிப் பையன். சோடாபுட்டி போட்டிருப்பான், அதனால் கண்ணாடி. என் பெயர் மடிப்பு.

அந்தப் பெயர் முதல் நாளே வந்துவிட்டது. என் வெள்ளைக் கோட்டை அம்மா லாண்டரி பிரஸ்ஸில் போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து அனுப்பியிருந்தாள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மா என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதான் மடிப்புக் கலையாம வந்திருக்கே. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கேன்னு பார்ப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன்.

கோடை முடிந்ததும் எங்கள் இரண்டு பேரில் ஒருவரைப் பெரியவர் வைத்துக்கொள்வார். அதாவது, கடைசி ஆண்டு முழுக்க அங்கேயே ஆராய்ச்சி, அதற்கும் சம்பளம், அப்புறம் நேரே முனைவர் பட்டத்துக்கு இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். கிடைத்தால் நன்றாக இருக்கும் என்கிற ஆசை இல்லை இது. வயிற்றைக் கிள்ளுகிற பசி. கிடைக்காவிட்டால் என்ன என்பது வீட்டில் முன்பே முடிவாகியிருந்தது. லாண்டரி ஆபீசில் கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னதும் அப்பா எனக்காகத் துண்டு போட்டு வைத்துவிட்டார். "டிகிரியை முடி, வந்து உட்காரு. ஃபேனுக்குக் கீழ வேலை. வேற என்ன வேணும்?" அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. வருடம் முழுக்க வேன் இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஃபேன் பெரிய விஷயம்.

எங்களுக்குக் கொடுத்த வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். விரல் நீளக் குப்பிகளில் நொதி, அதாவது என்சைம், இருக்கும். நிறமே இல்லாத ஒரு திரவத்தில் அதைத் துளி விட்டால் திரவம் மஞ்சளாகும். எத்தனை துளிக்கு, எவ்வளவு நேரத்தில், எவ்வளவு மஞ்சள் என்று கருவியில் வைத்து அளந்து கோடு போட வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது என் கண்ணெதிரே மஞ்சளானபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். "துணியில மஞ்சக் கறை பட்டா நாங்க திட்டுவோம், நீ ஆடுறியே" என்றாள்.

குப்பிகள் ஃப்ரீசரில் இருக்கும். வந்த புதிதில் ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது எண்ணெய் மாதிரி மெல்ல நகர்ந்தது.

"இது மட்டும் ஏன் அண்ணா உறையலை?"

"கிளிசரின் கலந்திருக்கும்மா" என்றார் மாப்பிள்ளை. "அது இருந்தா ஃப்ரீசர்லயும் உறையாது. உறைஞ்சா என்சைம் கெட்டுப் போயிடும்."

நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். நான் அதை மறக்கவே இல்லை. அவர்தான் மறந்தார்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் மூச்சுவிட மாட்டார்கள். ஏதோ ஒரு வாரத்தில் எங்களுக்கு ஊமைக் குப்பி வரும். பார்வைக்கு மற்றக் குப்பிகள் போலவேதான்; கிளிசரின் இருக்கும், உப்பு இருக்கும், நொதி மட்டும் இருக்காது. தலைகீழாக நின்றாலும் மஞ்சள் வராது. வாரக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்கிறவர் தேறினார். எதையாவது ஜோடித்துக் கொண்டுவந்து காட்டுகிறவர் தொலைந்தார். இது பெரியவரின் சொந்தக் கண்டுபிடிப்பு. மார்க் மார்க்காக வாங்கிக் குவித்த பிள்ளைகள் இந்தக் குப்பியில் குப்புற விழுந்த கதைகளை அவர் ரசித்து ரசித்துச் சொல்வாராம். ஊமைக் குப்பியைத் தயாரித்து ஃப்ரீசரில் எங்கள் தட்டில் வைப்பது மாப்பிள்ளையின் பொறுப்பு.

எங்கள் முறை வந்த வாரம் மாப்பிள்ளை தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய மூன்று வருட ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகைக்காரர்களிடமிருந்து கேள்விகளோடு திரும்பி வந்திருந்தது. ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் அச்சேறிவிடும், பட்டமும் கைக்கு வந்துவிடும். அந்த அவசரத்தில் கண்ணாடிக்கு மட்டும் ஊமைக் குப்பி செய்து வைத்தார். எனக்குச் செய்ய மறந்துபோனார். என் தட்டில் இருந்தது அசல் நொதி. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். அந்த வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் மஞ்சள் வந்தது, வரிசையாக வந்தது, கோடு வளையாமல் ஏறியது. பக்கத்து மேஜையில் கண்ணாடி பாவம், துளித் துளியாக விட்டுப் பார்த்து, குப்பியை வழித்துத் தீர்த்து, கடைசியில் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டான். அழாத குறை. நான் என்னுடையதில் கொஞ்சம் தரட்டுமா என்றுகூடக் கேட்டேன். ரோஷக்காரன், வேண்டாம் என்றுவிட்டான்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவன் அவன்தான். "எனக்கு ஒண்ணுமே வரலை சார். என்ன தப்புன்னும் தெரியலை" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பெரியவர் புன்னகையோடு தலையாட்டினார். "உட்காருப்பா" என்று அவ்வளவு அன்பாக அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து நான். கோடு போட்ட தாளைத் திரையில் காட்டினேன்.

"அடேயப்பா" என்றார் பெரியவர். "எவ்வளவு அழகான கோடு! எத்தனை தடவை பண்ணினே?"

"மூணு தடவை சார். மூணும் ஒத்துப் போச்சு."

"மூணும் ஒத்துப் போச்சு! கேட்டீங்களா? ஒரு தடவைகூடச் சந்தேகம் வரலையா?"

"இல்ல சார். நல்லா மஞ்சள் வந்துச்சு."

"கண்ணால பார்த்தே?"

"பார்த்தேன் சார்."

"எந்த மாதிரி மஞ்சள்? சொல்லேன், எங்களுக்கும் ஆசையா இருக்கு."

நான் சொன்னேன். முதலில் வெளிறி, அப்புறம் அடர்ந்து, எலுமிச்சைப் பழத்தோல் மாதிரி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அறையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னை மெச்சுகிறார்கள் என்று நினைத்து இன்னும் உற்சாகமாகப் பேசினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் என்னை வேண்டுமட்டும் ஆட விட்டார். ஆடி முடித்தபின் மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் குப்பியில என்சைமே இல்லம்மா."

பிறகு ஊமைக் குப்பியின் கதையை முழுக்கச் சொன்னார். சிரிப்பு அடங்க நேரமானது. "லாண்டரியில கறையை எடுப்பாங்க. நீ இல்லாத இடத்துல கறையைக் கொண்டு வந்திருக்கே" என்றார். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் நான் பார்த்தது பார்த்ததுதான். அதனால் சொன்னேன்.

"என் குப்பியில பாதிக்கு மேல மிச்சம் இருக்கு சார். எல்லார் முன்னாடியும் இப்பவே பண்ணிக் காட்டறேன்."

"ஓ, பண்ணலாமே. சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம். எங்களுக்கும் பொழுது போகணுமில்ல."

மாப்பிள்ளையைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. எனக்காகத்தான் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். என் புத்தியை எதால் அடிக்க?

சாப்பாட்டு வேளையில் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடி வந்து பக்கத்தில் நின்றான். "ஒத்துக்கோ மடிப்பு. திட்டிட்டு விட்டுடுவாரு" என்றான்.

"நான் எதையும் ஜோடிக்கலை."

"எனக்கு வராதது உனக்கு மட்டும் எப்படி வரும்? ரெண்டு பேருக்கும் ஒரே சோதனைதானே?" என்றான். கேட்டது நியாயமான கேள்விதான். அவனும் அறிவியல் படிக்கிற பிள்ளையாயிற்றே.

அந்த வேளையில் உள்ளே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நிற்க, ஃப்ரீசரைத் திறந்து என் தட்டிலிருந்து என் குப்பியை எடுத்தேன். என் கையெழுத்து, என் தேதி, நான் ஒட்டிய சீட்டு. திறந்து உறிஞ்சுகுழலை விட்டேன். முனை இடித்தது. மறுபடி விட்டேன். டக்கென்று இடித்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, கல் மாதிரி ஐஸ்.

"சார், இது உறைஞ்சிருக்கு."

"ஃப்ரீசர்ல வெச்சா உறையத்தான் செய்யும்" என்றார் மாப்பிள்ளை.

"கிளிசரின் இருந்தா உறையாது அண்ணா, நீங்கதானே சொன்னீங்க. ஊமைக் குப்பியிலயும் கிளிசரின் உண்டுன்னு சார் இப்பத்தான் சொன்னாரு. இந்த வாரம் பூரா இது எண்ணெய் மாதிரி இருந்துச்சு. இது வெறும் தண்ணி சார். யாரோ மாத்தியிருக்காங்க."

எல்லோரும் குப்பியை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு நொடி அவ்வளவு சந்தோஷம். தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அங்கே நின்ற அத்தனை பேரும் படித்தவர்கள்; கிளிசரின் உறையாது, தண்ணீர் உறையும் என்பது அவர்களுக்குப் பால பாடம். பெரியவர் கையை நீட்டினார். குப்பியைக் கொடுத்தேன். மூடியைப் போட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை. சுண்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை கழுவுதொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் குப்பியை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டார்.

மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். தான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு சோதனை வருடம் முழுக்க வராமல் போனதாம். நண்பர்கள் எல்லாம் எதையாவது எழுதிக் கொடு என்றார்களாம். எழுதவில்லையாம். பட்டமே போனாலும் பரவாயில்லை, பொய் எழுத மாட்டேன் என்று ஆசிரியரிடம் போய் நின்றாராம். ஆசிரியர் கட்டிப்பிடித்து அழுதாராம். சாவகாசமாக, இடையிடையே நிறுத்தி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சார், குப்பியைக் கீழ வைங்க" என்றேன். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசக் கூடாதும்மா" என்றார். விரல் இடுக்கில் ஈரம் கசிந்தது. இன்னொரு கையால் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்துவிட்டு மேலும் கொஞ்சம் பேசினார்.

கதை முடிந்ததும் விரல்களைத் திறந்தார். குப்பியைச் சாய்த்தார். உள்ளே இருந்தது சளசளவென்று ஓடியது.

"எங்கம்மா ஐஸ்?"

நான் ஒவ்வொருவரையும் பார்த்தேன். எல்லோருக்கும் திடீரென்று கோட்டுப் பொத்தானில் வேலை வந்துவிட்டது.

"இப்பப் பண்ணு" என்றார்.

செய்தேன். வேறு என்ன செய்வது? துளி விட்டேன், கலக்கினேன், காத்திருந்தேன். திரவம் பச்சைத் தண்ணீராகவே நின்றது. கருவியில் வைத்தேன், பூஜ்யம். "எலுமிச்சைப் பழத்தோல்" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்புறம் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், உட்காரச் சொன்னார், ஒரு தம்ளர் தண்ணீரும் கொடுத்தார்.

"ஐஸைப் பார்த்தேன்" என்றார்.

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவன் உனக்கு ஊமைக் குப்பி வைக்க மறந்திருக்கான். நீ பண்ணிக் காட்டறேன்னதும் பயந்துபோய், குழாய்த் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கான். கிளிசரின் சேர்க்கணும்னுகூடத் தோணலை முட்டாளுக்கு. நீ உடனே பிடிச்சுட்டே. உண்மையைச் சொல்லட்டுமா? உன்னைத்தான் வெச்சுக்கணும்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் சார்?"

"அவன் இப்படிப்பட்டவன்னு வெளிய தெரிஞ்சா, மூணு வருஷமா அவன் அளந்த எதையும் எவனும் நம்ப மாட்டான். அந்தக் கட்டுரையில என் பேரும் இருக்கு. உன் பேரு எதுலயும் இல்லை." ஏதோ விலை சொல்வது போலத்தான் சொன்னார். அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். அளக்காமலே அளவுகளை எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இந்த அறையை விட்டு அது வெளியே போகாது. கோடை முழுச் சம்பளமும் வீடு தேடி வரும். போடாவிட்டால் இன்றைக்கே கல்லூரிக்குப் போன் போகும். "பொய்க் கணக்கு எழுதின பொண்ணைக் கடைசி வருஷம் உள்ள விடுவாங்களா? யோசிச்சுப் பாரு. உன் பக்கம் சொல்ல அங்க நின்னவங்கள்ல யாராவது வருவாங்களா? அதையும் யோசி."

யோசித்தேன். கண்ணாடி வர மாட்டான்; இடம் இப்போது அவனுக்கு. மற்றவர்கள் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பார்கள். அந்த இடம் போய்விட்டது, டிகிரியாவது மிஞ்சட்டும் என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். வாங்கிப் படித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். கொலைகாரன்கூட அந்த நேரத்தில் அப்படிச் சொல்ல மாட்டான்.

தாழ்வாரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நான் நேருக்கு நேர் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்துவார், மன்னிப்புக் கேட்பார், குறைந்தது ஓடி ஒளிவார் என்று எதிர்பார்த்தேன். என் பையை வாங்கி என் தோளில் மாட்டிவிட்டார். "இதெல்லாம் சின்ன வயசுல சகஜம்மா. மனசைத் தளர விடாதே. ஆனா இனிமே எங்க போனாலும் நேர்மையா இரு" என்றார். பின்னால் பெரியவர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் உறைத்தது. இல்லை, அதற்குள் அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கத்து ஓட்டலுக்கு வேன் போகும்; வருகிற வழியில் அப்பா என்னை ஏற்றிக்கொள்வார். வாசலில் வேன் நின்றிருந்தது. பெரியவர் என் கூடவே நடந்து வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். பெரியவர் அப்பாவின் தோளில் கை வைத்தார். வைத்தபடியே, மறு கையால் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். அறையை விட்டு வெளியே போகாது என்ற தாள்.

"நல்ல பொண்ணுதான். ஏதோ ஆசையில தப்பு பண்ணிடுச்சு. தானே எழுதிக் கொடுத்துடுச்சு, பாருங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. சம்பளம்கூடப் பிடிக்கப் போறதில்லை. அப்பாவுக்குத் தெரியணுமேன்னுதான்."

அப்பா உதட்டை அசைத்து அசைத்து வரி வரியாகப் படித்தார். என் எழுத்து அவருக்குத் தெரியும். லாண்டரிச் சீட்டுகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து. படித்து முடித்ததும் தாளை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். என் பக்கம் திரும்பினார். "சாருக்கு நன்றி சொல்லு."

"அப்பா, அது வந்து..."

"சொல்லுன்னேன்ல?"

சொன்னேன். பெரியவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் மாதிரி ஒன்று செய்தார். உள்ளங்கை இன்னும் சில்லென்று இருந்தது. எதற்காக அந்த ஆள் வாசல் வரை வந்தார் என்று இப்போது எனக்குப் புரிகிறது. எனக்காகக் கிளம்பி வந்து ஒரு வார்த்தை கேட்க வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. அந்த வேலையையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

வேனில் நான் பேசியதற்கெல்லாம் அப்பா "வீட்டுக்குப் போய் அம்மாகிட்டச் சொல்லு" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னேன். சமையல் மேடைப் பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். குப்பி, கிளிசரின், ஐஸ், மூடிய கை, கசிந்த தண்ணீர், சாத்திய கதவு. ஒன்றையும் விடாமல் சொன்னேன். நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"சரி. அந்த ஐஸ் இப்ப எங்க?" என்றாள்.

"உருகிடுச்சும்மா. அவர் கையிலயே வெச்சு உருக்கிட்டாரு."

"அத்தனை பேர் நின்னாங்களே, ஒருத்தர்கூடக் கேக்கலையா?"

"கேக்கலை."

"அந்தத் தாள்ல இருக்கறது உன் கையெழுத்துதானே?"

"என்னுதுதான். ஆனா அவர் சொல்லித்தான்..."

"யாராவது கத்தியைக் காட்டினாங்களா?"

"இல்ல."

அம்மா அடுப்பை அணைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன வயதில் காய்ச்சல் பார்ப்பது போல என் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். "நான் திட்ட மாட்டேன்டி. அடிக்க மாட்டேன். அம்மாகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடு. செய்யாததைச் செஞ்சேன்னு எவளாவது எழுதிக் கொடுப்பாளா?"

அவள் குரலில் இருந்த பிரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த உண்மையை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவள் இன்னொரு உண்மைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவளோடு லாண்டரிக்குப் போனேன். கோடையில் பாதியிலேயே ஏன் திரும்பிவிட்டாள் என்று மேஜைக்கு மேஜை கேட்டார்கள். ஆராய்ச்சிக்கூடத்து மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், தடுமாறிச் சொன்னாள். நான் பழைய இடத்தில் நின்று பழையபடி மடித்தேன். கை மறக்கவில்லை. விரிப்புகளை எண்ணி, அடுக்கி, இறுக்கிக் கட்டி, சீட்டில் எண்ணிக்கை எழுதிச் செருகினேன். சூப்பர்வைசர் அக்கா வந்தாள். மற்றவர்களின் கட்டுகளை அவிழ்த்து எண்ணினாள். என் கட்டை வழக்கம்போல எண்ணாமல் வேன் பக்கம் தள்ளினாள்.

"ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்றாள் அம்மா.

என் முகத்தை அவள் பார்க்கவில்லை. கட்டைத் தன் பக்கம் இழுத்து, முடிச்சை அவிழ்த்து, முதல் விரிப்பிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.